'அரதப் பழசு'க்கு இங்கிலீஷில் என்ன?

காசிமேட்டில் மீன் வாங்கும்போது 'பழசு' என்று மட்டும் வாய் தவறிச் சொல்லிவிடாதீர்கள். "இன்னா சார் பழசு? செவுளைத் தூக்கிப் பாரு, செக்கச் செவேல்னு கீது!" என்று கூடைக்காரம்மா எகிறிவிடுவார். அங்கே நேற்றுப் பிடித்த மீனே அரதப் பழசு! இங்கிலீஷ்காரன் இதற்கு 'ஸ்டேல்' என்று தனியாக ஒரு வார்த்தை வைத்திருக்கிறான்.

அங்கேயிருந்து ஷேர் ஆட்டோ பிடித்தால் கொஞ்ச தூரத்தில் ராயபுரம் ரயில் நிலையம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ம் தேதி இங்கேயிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. சென்ட்ரல் வந்தது 1873-ல், எழும்பூர் 1908-ல். 1853-லேயே ரயில் விட்ட பம்பாயில்கூட அந்த முதல் ஸ்டேஷன் கட்டடங்கள் இப்போது இல்லை. நம்ம ராயபுரம் இருக்கிறது!

இருக்கிறது என்றால், சும்மா இல்லை. பெரிய ரயில்களெல்லாம் சென்ட்ரல் பக்கம் போன பிறகு, கவனிக்க ஆளில்லாமல் கட்டடம் இளைத்துக்கொண்டே வந்தது. அந்த நிலைமைக்கு இங்கிலீஷில் 'டெக்ரெபிட்' என்பார்கள். லத்தீனில் அதற்கு மூலம், கிறீச் சத்தம் என்று பொருள்படும் ஒரு சொல். (நமக்கு முழங்கால் போடுமே, அதே சத்தம்தான்!) அடுத்த கட்டம் 'கண்டம்'. அதற்கப்புறம் கடப்பாரைதான். நல்லவேளை, அதற்குள் 'ஹெரிடேஜ்' என்ற சொல் குறுக்கே விழுந்தது. 2005-ல் கட்டடத்தைப் புதுப்பித்தார்கள். அதே செங்கல், அதே தூண்... பெயர் மாறியதும் தலையெழுத்தும் மாறிவிட்டது.

வண்டிகள் கதை இன்னும் தமாஷ். 15 வருஷமான அரசாங்க ஜீப்புக்கு 2023 ஏப்ரலிலிருந்து பதிவு ரத்து. நேரே காயலான் கடை. ஆனால் 2021-ல் வந்த விதிப்படி, 50 வருஷம் தாண்டி, பழைய உருவம் மாறாமல் இருக்கிற காரோ பைக்கோ 'வின்டேஜ்'. தனி நம்பர் வரிசை, ராஜ மரியாதை! ஆக, நடுவிலே 35 வருஷம் யார் கண்ணிலும் படாமல் கொட்டகையில் ஒளிந்திருந்தால் ஜீப்புக்கும் யோகம்தான். (வின்டேஜ் என்பது முதலில் திராட்சை அறுவடையைச் சொன்ன வார்த்தை. சரக்கு பழசானால் விலை ஏறும் என்பது குடிமக்களுக்குச் சொல்லித் தர வேண்டுமா என்ன!)

சிலை, சிற்பம் என்றால் 1972-ம் வருஷச் சட்டப்படி 100 வயது ஆக வேண்டும், அப்போதுதான் தொல்பொருள். திருவொற்றியூர் கோயிலில் ராஜேந்திர சோழன் காலக் கற்றளி இருக்கிறது, ஆயிரம் வருஷ சமாசாரம். அதைப் போய் 'ஓல்டு டெம்பிள்' என்று சொன்னால் எப்படி? 'ஏன்ஷியன்ட்' என்று கை கூப்ப வேண்டும். அதற்கும் மேலே போனால் 'ஆன்டிடிலூவியன்'... அதாவது நோவா காலத்து வெள்ளத்துக்கும் முந்தியது. ஆனால் இதைக் கோயிலுக்குச் சொல்லாதீர்கள், கிண்டல் வார்த்தை. ஆபீஸில் ஃபேன் சுற்றுகிற லட்சணத்துக்குச் சொல்லலாம்.

இவ்வளவு அடைமொழி வைத்திருக்கிற இங்கிலீஷ்காரன், நம்மிடம் கடன் வாங்கிய பழசு ஒன்றும் உண்டு. கட்டுமரம்! 1697-ல் அச்சான டாம்பியரின் கடல் பயணப் புத்தகத்திலேயே அது ஏறிவிட்டது. 'கேட்டமரான்' என்றால் இன்றைக்கு வெளிநாட்டில் இரட்டை உடம்பு கொண்ட சொகுசுப் படகு. காசிமேட்டிலோ எங்கே திரும்பினாலும் விசைப்படகு, ஃபைபர் போட்டு. கட்டைகளைக் கயிற்றால் இழுத்துக் கட்டிக் கடலுக்குள் போன அசல் கட்டுமரத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

அதற்கு இன்னும் யாரும் 'ஹெரிடேஜ்' என்று போர்டு மாட்டவில்லை.