உடைக்காமல் திறக்கும் திருடர்கள்

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையில் உச்சியை நெருங்கும் இடத்தில் பாதை சட்டென்று அறுந்துபோகிறது. எதிரே ஒரு பாறைப் பிளவு. அகலம் சுமார் 24 அடி, ஆழம் 60 அடி. அதைத் தாண்டினால்தான் 800 அடி உயரத்து மேல்கோட்டைக்குள் கால் வைக்க முடியும். இன்று நாம் நடந்து கடக்கும் அந்த இடத்தில் அன்று இருந்தது விலக்கிக்கொள்ளக்கூடிய மரப்பாலம். காவலர்கள் அதை எடுத்துவிட்டால், கீழே எத்தனை ஆயிரம் பேர் திரண்டாலும் மேலே ஒரு சிலரே போதும். மராட்டிய மன்னர் சத்ரபதி ராஜாராம் அடைக்கலம் புகுந்த இந்தக் கோட்டையை 1690-ல் முற்றுகையிட்ட ஜுல்பிகர் கானின் முகலாயப் படை, 1698-ல்தான் உள்ளே நுழைந்தது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான்.

அந்தப் பாலத்தின் வலிமை மரத்தில் இல்லை. அது உள்ளே இருப்பவர் கையில் இருந்ததே வலிமை. செஞ்சி மார்க்கெட் கமிட்டிக்கு நெல் மூட்டை கொண்டுவந்துவிட்டு, பணம் ஏறிவிட்டதா என்று செல்போனைப் பார்க்கும் விவசாயியிடமும் இன்று அதே தன்மையுள்ள பூட்டு ஒன்று இருக்கிறது.

யுபிஐ மூலம் பணம் அனுப்பும்போது ரகசிய எண் கேட்டு ஒரு பக்கம் திறக்கிறதல்லவா? எந்தச் செயலியைப் பயன்படுத்தினாலும் அந்தப் பக்கம் அந்தச் செயலிக்குச் சொந்தமானதில்லை. தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகம் கொடுத்த தனிப் பக்கம் அது. நீங்கள் தட்டும் எண் உங்கள் போனிலேயே மறையெழுத்தாக மாறிவிடுகிறது; செயலி நடத்தும் நிறுவனத்தால்கூட அதைப் படிக்க முடியாது. சரியா தவறா என்று பார்ப்பது உங்கள் வங்கி. அதற்கும் முன்பே, உங்கள் சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தி போய், கணக்கை அந்த ஒரு போனோடு கட்டிப்போட்டிருக்கும்.

இந்த மறையெழுத்துக் கலையில் என்னை எப்போதும் வியக்கவைப்பது அதன் அடியில் இருக்கும் எளிய கணக்குதான். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது கணினிக்கு நொடிப்பொழுது வேலை. பெருக்கி வந்த விடையை மட்டும் கொடுத்து, எந்த இரண்டைப் பெருக்கினோம் என்று கேட்டால் திணறிவிடும். 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் இந்த ஒருவழிப் பாதையை வைத்தே ஆர்எஸ்ஏ என்ற பூட்டைச் செய்தார்கள். 2020-ல் ஆய்வாளர்கள் 250 இலக்க எண் ஒன்றைப் பிரித்துக் காட்டினார்கள். ஒரே ஒரு கணினிக் கருவைக் கொண்டு செய்திருந்தால் அதற்கு ஏறக்குறைய 2,700 ஆண்டுகள் ஆகியிருக்கும். இன்று பரவலாகப் பயன்படும் பூட்டின் எண்ணுக்கு 617 இலக்கங்கள்.

ஓடிபி இன்னும் எளியது. ஆறு இலக்கம் என்றால் 10 லட்சம் வாய்ப்புகள். மூன்று முறைதான் முயலலாம் என்று வைத்தால், குருட்டாம்போக்கில் சரியாக அடிக்க 10 லட்சத்தில் மூன்று வாய்ப்பு. சில நிமிடங்களில் எண்ணே செத்துவிடும்.

அதனால் திருடர்கள் கணக்குப் போடுவதில்லை. கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.

செஞ்சி இருக்கும் விழுப்புரம் மாவட்டத்துக்கு இது புதிதில்லை. விவசாயிக்கு ஆண்டுக்கு ரூ.6,000 தரும் பிஎம் கிசான் திட்டத்தில், தகுதியற்ற ஐந்து லட்சத்துக்கும் அதிகமானவர்கள் சேர்க்கப்பட்டு ரூ.110 கோடி போனது 2020-ல் வெளிவந்தது. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் சிபிசிஐடி விசாரித்தது. அரசு இணையதளத்தை யாரும் தகர்க்கவில்லை. வேளாண் அதிகாரிகளின் கடவுச்சொல் ஒப்பந்த ஊழியர்கள், இடைத்தரகர்கள் கைக்குப் போயிருந்தது. கொரோனா நிவாரணம் என்று நம்பி ஆதாரையும் பாஸ்புக்கையும் கொடுத்த ஏழைகள் பலர். பிறகு பணத்தைத் திருப்பிக் கட்டச் சொன்னபோது தவித்தவர்களும் அவர்களே.

இப்போது அதே திட்டத்தின் பெயரில் வாட்ஸ்அப்பில் செயலி நிறுவும் ஏபிகே கோப்பு ஒன்று வருகிறது. கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்றும் வரும். நிறுவியதும் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்தால், உங்கள் ஓடிபி உங்கள் கண்ணில் படுவதற்குள் வேறெங்கோ போய்ச் சேரும். கூடவே ஒரு படிவம் டெபிட் கார்டின் கடைசி ஆறு எண்களையும் காலாவதித் தேதியையும் கேட்கிறது. ஏன் அவை மட்டும்? புதிதாக யுபிஐ ரகசிய எண் அமைக்க ஓடிபியோடு சேர்த்து வேண்டியவை அவைதான்.

படித்தவர்களும் ஏமாறுவது ஏனென்றால், நாம் ஆளை எடைபோடுகிறோம். குரல் நம்பும்படி இருக்கிறதா, பேச்சு விவரமாக இருக்கிறதா, காணொளி அழைப்பில் தெரிவது காக்கி உடைதானா என்று. அந்தத் தேர்வில் தேறத்தான் அவர்கள் பயிற்சி எடுக்கிறார்கள். ஆளை விட்டுவிட்டு, நம் கையால் என்ன செய்யச் சொல்கிறார் என்று பாருங்கள். பணம் வாங்குவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. பணம் வரும் என்று சொல்லி அதைத் தட்டச் சொன்னால், பணம் வெளியே போகப்போகிறது என்றே பொருள். ஓடிபி வந்த செய்தியிலேயே அது எதற்கு என்று எழுதியிருக்கும். எண்ணுக்கு முன் அந்த வரியைப் படியுங்கள். காணொளி அழைப்பில் கைது செய்ய இந்தியச் சட்டத்தில் இடமே இல்லை. அப்படி யாராவது மிரட்டினால் அழைப்பைத் துண்டிப்பது மரியாதைக் குறைவாகாது. வீட்டில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவிடம் இந்த ஒன்றையாவது இன்றே சொல்லிவிடுங்கள்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-ஐ அழையுங்கள். களவுப் பணம் ஒரே கணக்கில் தங்காது. கமிஷனுக்காக வாடகைக்கு விடப்பட்ட கணக்குகள் வழியே நிமிடத்துக்கு நிமிடம் பிரிந்து ஓடும். உங்கள் புகார் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குப் போகும். அங்கே மிச்சம் இருப்பதை முடக்குவார்கள், நகர்ந்திருந்தால் அடுத்த வங்கிக்குத் தகவல் தாவும். உங்கள் சொந்த வங்கிக்கும் அதே கையோடு தெரிவியுங்கள். ரிசர்வ் வங்கி 2017-ல் கொண்டுவந்த விதிப்படி, ரகசிய எண்ணை நீங்களே சொல்லிவிட்டிருந்தாலும், வங்கிக்குப் புகார் சொன்ன நேரத்துக்குப் பிறகு போகும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் பொறுப்பு.