தளவாய்க்கு வந்த பில்

சிதறால் மலைக்குப் போகிறவர்கள் சமணச் சிற்பங்களைப் பார்ப்பார்கள், காற்று வாங்குவார்கள், கீழே வந்து டீ குடித்துவிட்டு பஸ் ஏறிவிடுவார்கள். நேரமிருந்தால் இரணியல் பக்கம் தலக்குளம் வரை போய் வாருங்கள் சார். திருவிதாங்கூரையே ஆட்டிவைத்த வேலுத்தம்பி தளவாய் 1765-ல் பிறந்த ஊர்.

தம்பி முதலில் மாவேலிக்கரையில் காரியக்காரர். நம்ம கணக்கில் தாசில்தார் மாதிரி. கஜானா காலி. ஆட்சியைக் கையில் வைத்திருந்த ஜயந்தன் நம்பூதிரி ஆளாளுக்கு வசூல் ஓலை அனுப்பினார். இவருக்கும் வந்தது. 'மூணு நாள் டைம் குடுங்க' என்று ஊருக்கு வந்த தம்பி, பணத்தைத் திரட்டவில்லை, ஆளைத் திரட்டினார்! 1799-ல் கூட்டம் திருவனந்தபுரம் கோட்டை வாசலில். நம்பூதிரி நாடு கடத்தப்பட்டார். கூட்டாளிகள் இருவருக்குக் காது போச்சு. (நிஜமாகவே அறுத்தார்கள்.)

சில வருஷத்தில் தம்பியே தளவாய். லஞ்சம் வாங்கினவன் நடுங்கினான். அதோடு நின்றிருக்கலாம். 1804-ல் சிக்கனம் என்று படைவீரர்களின் அலவன்ஸில் கை வைத்தார். எந்த ஆபீஸிலும் தொடக்கூடாத இடமாச்சே! படை கிளம்பிவிட்டது, 'தளவாயை நீக்கு' என்று. தம்பி கொச்சிக்கு ஓடி, கம்பெனியின் ரெசிடென்ட் கர்னல் மெக்காலேயிடம் உதவி கேட்டார். (நமக்கு இங்கிலீஷ் படிப்பைக் கொண்டுவந்த மெக்காலேக்கு இவர் பெரியப்பா.) கலகம் அடங்கியது.

கம்பெனிக்காரன் சும்மா செய்வானா? 1805-ல் பில் வந்தது. உடன்படிக்கைப்படி வருஷம் எட்டு லட்சம் ரூபாய்! பாக்கி ஏறியது. நேற்றுவரை நண்பராக இருந்த கர்னல், ஈட்டிக்காரன் மாதிரி கழுத்தைப் பிடித்தார்.

வேலுத்தம்பியை வீரர் என்று மட்டும் சொல்கிறவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். பின்னால் வந்த ஆவேசத்துக்கு விதை இங்கேதான் விழுந்தது என்பது என் கட்சி.

1808 டிசம்பரில் கொச்சி மந்திரி பாலியத்து அச்சனோடு சேர்ந்து ரெசிடென்ட் மாளிகையைத் தாக்கினார். மெக்காலே தப்பிவிட்டார். 1809 ஜனவரி 11, குண்டறையில் நின்று கம்பெனிக்கு எதிராக ஜனங்களை அழைத்தார். பிப்ரவரியில் ஆரல்வாய்மொழிக் கோட்டை விழுந்தது. மகாராஜாவே கைவிட்டார், பிடிக்க ஆள் அனுப்பினார். மண்ணடி கோயிலில் தம்பி தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். செத்த உடம்பையும் விடாமல் கண்ணம்மூலையில் தொங்கவிட்டார்கள்.

இப்போது சிலை திருவனந்தபுரம் செக்ரடேரியட் வாசலில். பிறந்த ஊர், 1956 முதல் தமிழ்நாட்டில்.

அந்த நாற்காலி என்ன ஆச்சு என்கிறீர்களா? 1811-ல் அடுத்த ரெசிடென்ட் கர்னல் மன்றோ, திவான் வேலையையும் தானே எடுத்துக்கொண்டார். பில் போடுகிறவரும் அவரே, பணம் கட்டுகிறவரும் அவரே!