தீர்ப்பைத் திட்டலாம், நீதிபதியை?

2020 ஜூன் கடைசியில் ஒரு படம் சமூக வலைதளங்களில் சுற்றியது. அப்போதைய தலைமை நீதிபதி எஸ்.ஏ.பாப்டே நாக்பூரில் ஹார்லி டேவிட்சன் பைக் மீது உட்கார்ந்திருந்தார். முகக்கவசம் இல்லை, ஹெல்மெட் இல்லை, நீதிமன்றத்தை மட்டும் ஊரடங்கில் வைத்திருக்கிறார் என்று ட்விட்டரில் சாடினார் வழக்கறிஞர் பிரசாந்த் பூஷண். அதற்கு இரண்டு நாள் முன்புதான், ஆறு ஆண்டுகளாக ஜனநாயகம் சிதைக்கப்பட்டதில் உச்ச நீதிமன்றத்துக்கும் கடைசி நான்கு தலைமை நீதிபதிகளுக்கும் பங்கு உண்டு என்ற பொருளில் எழுதியிருந்தார். இந்த இரண்டு பதிவுகளுக்காக ஆகஸ்ட் 14 அன்று 108 பக்கத் தீர்ப்பு வந்தது: நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளி.

பைக் ஸ்டாண்டில் நின்றதைக் கவனிக்கவில்லை என்று சொல்லி, ஹெல்மெட் பற்றி எழுதியதற்கு மட்டும் பூஷண் வருத்தம் தெரிவித்தார். மற்றதற்கு மன்னிப்புக் கேட்க மறுத்துவிட்டார். தண்டிக்க வேண்டாம் என்று அட்டர்னி ஜெனரல் கே.கே.வேணுகோபாலே கேட்டுக்கொண்டார். கடைசியில் விதித்த அபராதம் ஒரு ரூபாய். ஊரெல்லாம் அந்த ஒரு ரூபாயைப் பேசிச் சிரித்தது. கட்டத் தவறினால் மூன்று மாதச் சிறை, அதோடு மூன்று ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் வாதாடத் தடை என்ற அடுத்த வரியைப் பலர் கவனிக்கவில்லை. வழக்கறிஞர்களுக்கு உறைத்தது அந்த வரிதான்.

1971-ம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டப்படி அதிகபட்சத் தண்டனை ஆறு மாதச் சிறை அல்லது 2,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அது எல்லோருக்கும் பொது. வழக்கறிஞர் மட்டும் அதற்கு மேல் தன் தொழிலையும் பணயம் வைத்துத்தான் பதிவு போடுகிறார்.

அதே சட்டத்தின் 5-வது பிரிவு நியாயமான விமர்சனத்தை அனுமதிக்கிறது. ஆனால் அது விசாரித்து முடிவு சொல்லப்பட்ட வழக்குக்குத்தான். விசாரணை நடக்கும்போதே நீதிபதி என்ன கேட்டார், ஏன் கேட்டார் என்று சுடச்சுட எழுதுவோருக்கு அந்தக் குடை கிடையாது. 2006 திருத்தத்துக்குப் பிறகு, சொன்னது உண்மை, பொதுநலன் கருதி நல்லெண்ணத்தோடு சொன்னது என்று வாதிட நீதிமன்றம் அனுமதிக்கலாம். அனுமதிப்பதும் மறுப்பதும் அதன் விருப்பம். தீர்ப்பு தவறு என்று எழுதுவதில் பொதுவாக ஆபத்தில்லை. ஆளைப் பார்த்துத் தீர்ப்பெழுதினார் என்றால் வம்பு. இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே என்பது பெரும்பாலும் இருக்கையில் இருக்கும் நீதிபதியைப் பொறுத்தது. இதைச் சட்டம் என்று சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. நீதிமன்றத்தின் பெயரைக் கெடுத்தல் என்ற இந்தக் குற்றத்தை இங்கிலாந்து 2013-ல் கைவிட்டது. இந்தியச் சட்ட ஆணையமோ 2018-ல், இங்கே அது இருக்கட்டும் என்றது.

வழக்கறிஞரின் தொழிலில் கை வைக்கும் முயற்சியைச் சென்னை ஏற்கெனவே பார்த்துவிட்டது. நீதிபதிகள் மீது ஆதாரமற்ற புகார் பரப்பும் வழக்கறிஞரை நீதிமன்றமே வாதாட விடாமல் தடுக்கலாம் என்று 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் விதி கொண்டுவர, வழக்கறிஞர்கள் கொதித்தெழுந்தார்கள். ஒழுங்கு நடவடிக்கை பார் கவுன்சிலின் வேலை என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த விதிகளை ரத்து செய்தது. ஆனால் அதே தீர்ப்பில், வழக்கறிஞர்கள் ஊடகங்களில் நீதிபதிகளை விமர்சித்துத் தீர்ப்புகளுக்கு அரசியல் சாயம் பூசுவது மிக மோசமான அவமதிப்பு என்றும் கண்டித்தது. அந்த அமர்வில் இருந்தவர் நீதிபதி அருண் மிஸ்ரா. மறு ஆண்டு பூஷண் வழக்கை விசாரித்த அமர்வுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே.

குஜராத்தில் யதின் ஓசாவுக்கு நேர்ந்தது இன்னும் கடுமை. உயர் நீதிமன்ற வழக்கறிஞர் சங்கத் தலைவராக இருந்த அவர், 2020 ஜூனில் முகநூல் நேரலையில் நீதிமன்றப் பதிவகத்தின் மீது ஊழல் புகார் சொன்னார். மூத்த வழக்கறிஞர் என்ற தகுதி பறிபோனது. அவமதிப்பு வழக்கில் 2,000 ரூபாய் அபராதம் தனி. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தகுதியைத் திருப்பித் தந்தது, இரண்டே ஆண்டுகளுக்கு. அதற்குள் அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்று பார்த்து, மேற்கொண்டு உயர் நீதிமன்றமே முடிவு செய்யட்டும் என்றது.