ரோபோ சொன்ன சாட்சி
சின்னத்திரைக் குற்றங்கள் – 11

சென்ற வாரம் கைரேகையை நம்பிக் கதை கட்டிய நாடகங்களைப் பார்த்தோம். இந்த வாரம் ரேகையே இல்லாத ஒரு பாத்திரம்.

1974 பிப்ரவரியில் ‘கொலம்போ’ தொடரில் ‘மைண்ட் ஓவர் மேஹெம்’ என்ற அத்தியாயம் ஒளிபரப்பானது. ஓர் ஆராய்ச்சிக் கூடத்தின் இயக்குநர் மார்ஷல் கேஹில். அவருடைய மகன் இன்னொருவரின் கண்டுபிடிப்பைத் தன்னுடையதாகக் காட்டிப் பெயர் வாங்கிவிட்டான். அதை வெளியே சொல்லப்போவதாக மூத்த விஞ்ஞானி நிக்கல்சன் நிற்கிறார். கேஹில் அவரைக் காரால் மோதிக் கொல்கிறார். ஆனால் கொலை நடந்த நேரத்தில் கேஹில் போர் ஒத்திகைக் கணினியின் முன் அமர்ந்து கட்டளைகள் கொடுத்துக்கொண்டிருந்ததாகப் பதிவு சொல்கிறது. பதிவில் பிழையே இல்லை. கட்டளைகள் கொடுக்கப்பட்டது உண்மை; கொடுத்தது எம்எம்7 என்ற ரோபோ. 1956ல் ‘ஃபர்பிடன் பிளானட்’ படத்தில் நடித்த அதே ராபி ரோபோதான் இங்கும் வருகிறது.

ஐம்பது ஆண்டுகள் கழிந்தும் இந்த அத்தியாயம் பழசாகவில்லை என்பது என் எண்ணம். இதில் இயந்திரம் கெடவில்லை, திமிறவில்லை, யாரையும் வெறுக்கவில்லை. சொன்ன வேலையைச் சரியாகச் செய்தது. அந்தச் சரியான வேலைதான் கொலைகாரனுக்குக் கேடயம்.

‘எலிமெண்டரி’ தொடரின் ‘பெல்லா’ அத்தியாயம் 2014 நவம்பரில் வந்தது. பெல்லா ஒரு செயற்கை நுண்ணறிவு நிரல். அதை உருவாக்கியவர் கணினித் திரையில் வெட்டிவெட்டி மின்னிய ஒளியால் வலிப்பு வந்து இறந்துபோகிறார். பெல்லாதான் கொன்றதா? அப்படி நினைக்க வைப்பதே குற்றவாளியின் நோக்கம். இயந்திரத்தைக் கண்டு உலகம் பயப்பட வேண்டும் என்று விரும்பிய ஒரு மனிதர்தான் பின்னால் இருக்கிறார். நாடகத்தின் விறுவிறுப்பு ‘இயந்திரத்துக்கு மனம் உண்டா’ என்ற கேள்வியில் இருக்கிறது. வழக்குத் தீர்வதோ ‘அதை யார் ஏவியது’ என்ற பழைய கேள்வியில்தான்.

இதே கதையைக் கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ வைத்து எழுதினால் என்ன ஆகும்? அந்த இரண்டு தொடர்களிலும் இல்லாத ஒரு முடிச்சு நம் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது.

மலேசியாவின் 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் 1993ல் 90A என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. கணினி வழக்கமான பயன்பாட்டில் உருவாக்கிய ஆவணத்தை நீதிமன்றம் ஏற்கலாம். அந்தக் கணினியின் இயக்கத்துக்குப் பொறுப்பானவர் சான்றிதழில் கையெழுத்திட்டால் போதும். கையெழுத்து விழுந்துவிட்டால் இன்னொன்றும் நடக்கும்: அந்தக் கணினி அந்த நேரத்தில் நல்ல நிலையில், ஒழுங்காக இயங்கியது என்று சட்டமே அனுமானித்துக்கொள்ளும். வங்கிக் கணக்கு அறிக்கைக்கும் தொலைபேசிக் கட்டணப் பட்டியலுக்கும் இது நியாயமான ஏற்பாடு. ஒவ்வொரு வழக்கிலும் வங்கியின் கணினிப் பொறியாளரை ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்துக்கு அழைத்துக்கொண்டிருக்க முடியாது.

இப்போது ஒரு புலனக் குரல்பதிவை எடுத்துக்கொள்வோம். கிள்ளானில் ஒரு தாய்க்கு மகனின் குரலில் செய்தி வருகிறது: “அம்மா, விபத்தாயிடுச்சு, உடனே காசு அனுப்புங்க.” மகன் பேசவே இல்லை, சில விநாடிப் பேச்சை மாதிரியாக வைத்து மென்பொருள் செய்த குரல் அது. பதிவு இருக்கும் கைப்பேசி நன்றாகத்தான் இயங்குகிறது. குரலை உண்டாக்கிய மென்பொருளிலும் கோளாறு இல்லை. வந்ததை அப்படியே சேமித்ததாகக் கைப்பேசிக்காரர் கையெழுத்திட்டால் அதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. ஆனாலும் பேசியது மகன் அல்ல. ‘கணினி ஒழுங்காக இயங்கியது’ என்ற அனுமானம் இங்கே எதையும் காப்பாற்றாது. எம்எம்7 செய்ததும் இதுதான்.

பிரிக்பீல்ட்ஸை நினைத்தால் இது இன்னும் கனக்கிறது. 1951ல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. பார்வையற்றோர் பலர் அந்த வட்டாரத்திலேயே தொழில் செய்து வாழ்கிறார்கள். அவர்களுக்குக் குரல்தான் முகம். கைப்பேசித் திரையையும் குரல் வழியாகவே படிக்கிறார்கள். குரலை நகலெடுக்கும் தொழில்நுட்பத்தைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் ‘வீடியோ அழைப்பில் முகத்தைப் பாருங்கள்’ என்று எளிதாக ஆலோசனை சொல்லிவிடுகிறோம். அந்த ஆலோசனை இவர்களுக்கு எட்டாது. நம் நாட்டில் ஒரு துப்பறியும் நாடகத்துக்கு இதைவிடப் பொருத்தமான களமும் பார்வையற்ற ஒரு துப்பறிவாளரைவிடப் பொருத்தமான நாயகரும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த முடிச்சு அதே சாட்சியச் சட்டத்தின் 114A. 2012ல் நடப்புக்கு வந்த பிரிவு. இணையத்தில் ஒரு பதிவில் உங்கள் பெயரோ படமோ இருந்து, அதன் உரிமையாளர் நீங்கள்தான் என்று அது காட்டினால், எதிர்மாறாக நிரூபிக்கப்படும்வரை அதை வெளியிட்டவர் நீங்களே. இணைய இணைப்பு உங்கள் பெயரில் இருந்தாலும் அப்படித்தான். இதை எதிர்த்து அந்த ஆண்டு ஆகஸ்ட் 14ஆம் தேதி பல இணையத்தளங்கள் தங்கள் பக்கங்களை இருட்டாக்கின. யாருடைய முகத்தையும் யாரும் செய்துகொள்ளக்கூடிய இந்தக் காலத்தில், ‘நான் இல்லை’ என்று நிரூபிக்கும் சுமை படத்தில் இருப்பவர் தலையில் விழுவது கொடுமை. நிபுணரை அமர்த்த வசதி இருப்பவர் தப்பிக்கலாம். கூலிக்கு வேலை செய்பவர் என்ன செய்வார்?

கணினியை நம்பிய சட்டம் மனிதர்களை எப்படி நொறுக்கும் என்பதற்கு பிரிட்டனில் ரத்தமும் சதையுமான உதாரணம் இருக்கிறது. அஞ்சலகங்களின் ‘ஹொரைசன்’ கணக்கு மென்பொருள் இல்லாத பற்றாக்குறைகளைக் காட்டியது. 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்ட கிளை அஞ்சலக நடத்துநர்கள் திருட்டு, மோசடிக் குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். தெற்காசிய வம்சாவளியினர் பலர் அதில் உண்டு. சீமா மிஸ்ரா 2010ல் கர்ப்பிணியாகச் சிறைக்குப் போனார். அங்கும் கணினி சரியாக இயங்கியிருக்கும் என்பதே சட்டத்தின் அனுமானம். 2024 ஜனவரியில் ‘மிஸ்டர் பேட்ஸ் வெர்சஸ் தி போஸ்ட் ஆபீஸ்’ என்ற நான்கு பகுதி நாடகம் ஒளிபரப்பான பிறகுதான் நாடே கொதித்தது. அதே ஆண்டு மே மாதம் தண்டனைகளைக் கூட்டாக ரத்து செய்யும் சட்டம் நிறைவேறியது. நாடகத்துக்கு இவ்வளவு வலிமை உண்டு என்பதால்தான் இந்தத் தொடரையே எழுதுகிறேன்.

நம் நீதிமன்றங்களும் செயற்கை நுண்ணறிவைத் தொட்டுப் பார்த்துவிட்டன. 2020 பிப்ரவரியில் சபா, சரவாக் நீதிமன்றங்கள் தண்டனைக் காலத்தைப் பரிந்துரைக்கும் மென்பொருளைப் பயன்படுத்தத் தொடங்கின. பழைய தீர்ப்புகளிலிருந்து கற்ற அந்த மென்பொருளில் ‘இனம்’ என்ற தகவல் பின்னர் நீக்கப்பட்டது. அங்கே ஒரு நல்ல அம்சம்: பரிந்துரை இயந்திரத்துடையது, தீர்ப்பு மாஜிஸ்திரேட்டுடையது. பரிந்துரையை மீறித் தீர்ப்பளிக்கவும் அவரால் முடியும். பதில் சொல்ல ஒரு மனிதர் இருக்கிறார். போலிக் குரல் வழக்கில் அப்படி ஒருவர் கண்ணில் படுவதே இல்லை. அவரைத் தேடுவதுதான் துப்பறிதல்.

ஆஸ்ட்ரோ வானவில்லுக்கும் ஆர்டிஎம்முக்கும் எழுதும் நம் தமிழ்க் கதாசிரியர்கள், பேசும் இயந்திரத்தை வில்லனாக்கும் ஆசையை விட்டுவிட்டு இந்தத் தேடலை எழுத வேண்டும். குறுக்கு விசாரணையில் வழக்கறிஞர் கேட்கட்டும்: “கைப்பேசி ஒழுங்காக இருந்தது, சரி. இந்தக் குரல் முதலில் எந்த எண்ணிலிருந்து வந்தது? பணம் போய்ச் சேர்ந்த கணக்கு யாருடையது? அந்தக் கணக்கை வாடகைக்கு விட்டவர் யார்?”

நிஜத்தில் இப்படி நேர்ந்தால், அழைத்தவர் எண்ணுக்கே திரும்ப அழைக்காமல், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் மகனின் எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். பணம் போய்விட்டால் உடனே வங்கிக்கும் தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997க்கும் சொல்லுங்கள். குரல்பதிவை அழிக்காதீர்கள். உறவினர்களுக்கு அனுப்பிய நகல் போதும் என்றும் நினைக்காதீர்கள். நகலில் பல தகவல்கள் உதிர்ந்துவிடும். முதலில் வந்த பதிவும் அது வந்த கைப்பேசியுமே போலீசுக்குத் தேவை.

(தொடரும்)