இரத்த அழுத்தமுள்ள பெண்களும் இருதய நோயும்

சென்ற ஆண்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கமொன்றில் தணிக்கைப் பணியில் இருந்தேன். அன்று கூலிப் பட்டுவாடா நாள். தார் சுற்றும் அங்கத்தினரான, ஐம்பது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர், படியேறி வந்ததும் மூச்சு வாங்கித் திண்ணையில் அமர்ந்துவிட்டார். முதுகிலும் தாடையிலும் வலி என்றார், உடல் வியர்த்திருந்தது. "வாயுதான் ஐயா, ஒரு சோடா குடித்தால் போய்விடும்" என்று தமக்குத் தாமே வைத்தியமும் கூறிக்கொண்டார். செயலாளர் அதற்கு இணங்காது 108 வண்டியை வரவழைத்தமையால் உயிர் பிழைத்தார். வந்தது மாரடைப்பு. ஆறு ஆண்டுகளாக அவருக்கு இரத்த அழுத்தம் இருந்ததென்பதும், 'உடம்பில் ஒன்றும் தெரியவில்லையே' என்று மாத்திரையை நிறுத்தியிருந்தார் என்பதும் பின்னரே வெளிவந்தன.

மாரடைப்பு ஆண்களுக்கு உரியது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. பெண்களுக்கும் நெஞ்சு வலியே முதன்மையான குறிதான். ஆயினும் மூச்சுத் திணறல், குமட்டல், முதுகு வலி, தாடை வலி, காரணமில்லா அசதி ஆகியவை ஆண்களைக் காட்டிலும் அவர்களுக்கு மிகுதியாகச் சேர்ந்து வருவதால், அசீரணம் என்று கருதிக் காலம் கடத்திவிடுகின்றனர்.

அழுத்தம் இருதயத்தை எவ்வாறு கெடுக்கிறது? பாவை அளவுக்கு மீறி இறுக்கிவைத்தால் இழைகள் நைந்து அறும் என்பதை நெசவாளருக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரத்தக் குழாய்களும் அத்தகையனவே. ஓயாத அழுத்தத்தால் அவற்றின் உட்சுவர் நைகிறது; நைந்த இடத்தில் கொழுப்புப் படிகிறது; குழாய் கடினமாகிறது. எதிர்த்துத் தள்ள வேண்டிய இருதயமோ தசை தடித்துக் களைத்துப் போகிறது. இவ்வளவும் நோவின்றி நடைபெறுவதுதான் ஆபத்து. மருத்துவமனையில் வெவ்வேறு நாட்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருப்பின், உடம்பு எவ்வளவு நன்றாகத் தோன்றினாலும் அது நோயே.

முற்காலத்தில் வயதானவர்க்கு அழுத்தம் ஏறுவது இயல்பு என்றே மருத்துவர்கள் பலரும் கருதினர். அமெரிக்காவின் பிரேமிங்காம் நகரில் 1948-இல் தொடங்கிய ஆராய்ச்சி அக்கருத்தைத் தகர்த்தது. அதில் தொடர்ந்து கவனிக்கப்பட்ட 5,209 பேரில் 2,873 பேர் பெண்கள். 2004-இல் வெளியான, 52 நாடுகளை உள்ளடக்கிய மற்றோர் ஆய்வு, அழுத்தத்திற்கும் மாரடைப்புக்குமுள்ள தொடர்பு ஆண்களைவிடப் பெண்களிடத்தே வலுவானதெனக் காட்டியது. உடலுழைப்பால் விளையும் பாதுகாப்பும் பெண்களுக்கே அதிகம் என்பதும் அதில் தெரிந்தது. மாதவிடாய் நின்றபின் இவ்வாபத்து மிகுகிறது. கர்ப்ப காலத்தில் அழுத்தம் ஏறிச் சிறுநீரில் புரதமும் கண்டவர்களுக்குப் பிற்காலத்தில் இருதய நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. பிள்ளை பிறந்ததும் அது மறந்துபோகிறது. மருத்துவரிடம் சொல்வாரும் இலர்.

இனி, நம் பெண்களின் அன்றாட வாழ்வைப் பார்ப்போம். குழித்தறியில் மிதிபலகை மிதிப்பவருக்குக் காலுக்கேனும் வேலை உண்டு. ராட்டினத்தின் முன் அமர்ந்து தார் சுற்றுபவர் காலையிலிருந்து மாலை வரை எழுவதே அரிது. கை ஓய்ந்து போவதால் உழைத்துவிட்டோம் என்று எண்ணுகிறார். இருதயத்திற்கு அது உழைப்பாகாது. மூச்சுச் சற்று வேகமாக வாங்கும்படி, நாளுக்கு அரை மணி நேரம் வீதம் வாரத்தில் ஐந்து நாள் நடத்தல் வேண்டும். மாரடைப்பு வந்தவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்குக.

உணவில் முதற் பகை உப்பு. உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாளொன்றுக்கு வகுத்திருப்பது 5 கிராமுக்கும் குறைவு. அதாவது ஒரு தேக்கரண்டியளவு கூட இல்லை. சாதம் வடிக்கும்போது உப்பை நிறுத்திவிட்டதாகப் பலர் பெருமை கொள்கின்றனர். ஆனால் பழையதுக்கு ஊறுகாய், குழம்புக்குக் கருவாடு, பிள்ளைகள் மீதம் வைத்த அப்பளம், வடகம் என்று வேறு வழியில் அது உள்ளே போய்விடுகிறது. எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்ணும் வழக்கத்தால், காய்கறி தீர்ந்து ஊறுகாய் மட்டுமே பெண்ணுக்கு எஞ்சுகிறது. இதில் குற்றம் அவளுடையதன்று. பந்தியில் முன்னே அமரும் நம்முடையது.

1997-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், உப்பின் அளவை மாற்றாமலே, காய்கறி, பழம், கொழுப்புக் குறைந்த பால் ஆகியவற்றை மிகுத்து, உணவிலுள்ள கொழுப்பையும் குறைத்தபோது, அழுத்தமுள்ளவர்களுக்கு மேல் எண் சராசரியாக 11 புள்ளி இறங்கியது. கீரையும் வாழைப்பழமும் விளைவிக்கும் நம் அங்கத்தினர்கள் அவற்றையெல்லாம் சந்தைக்கு அனுப்பிவிட்டு வீட்டில் ஊறுகாயோடு உண்பதை என்னென்பது! சிறுநீரகக் கோளாறு உடையவர்கள் மட்டும் பழம், கீரை பற்றி மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வெற்றிலையோடு புகையிலை சேர்ப்பதும் அழுத்தத்தை ஏற்றுவதே. சர்க்கரை நோயும் சேர்ந்திருந்தால் ஆபத்து பன்மடங்கு.

இவற்றைக் கைக்கொண்டோர் மாத்திரையை விட்டுவிடலாம் என்பதும், மாத்திரை உண்போர் எதையும் உண்ணலாம் என்பதும் ஒரே அளவு தவறு. எண் சரியாக இருப்பது மாத்திரையால் இருக்கலாம். மருத்துவர் சொல்லாது நிறுத்தலாகாது. மருந்துக்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதுமில்லை. 2021-இல் தமிழ்நாட்டில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் வீட்டிற்கே வந்து அழுத்தம் அளந்து மாத்திரை தருகின்றனர். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் செலவின்றிப் பெறலாம்.

மேற்கூறிய அம்மையார் இப்போது பாதி நாள்தான் தார் சுற்றுகிறார். அளந்த எண்ணைத் தமது கூலிப் பாஸ்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் மாதந்தோறும் எழுதுவித்துக்கொள்கிறார். இவ்வாண்டுத் தணிக்கையின்போது அதையும் என் முன் நீட்டி, "இந்தக் கணக்கையும் பாருங்கள் ஐயா" என்றார். கடைசி வரியில் 134/84 என்றிருந்தது.