உங்களுக்குத் தெரியுமா? துரைக்கு எலுமிச்சை வேண்டாம்!

டிசம்பர் 31 இரவு திருத்தணி மலையில் நடக்கும் திருப்புகழ்ப் படி விழா, வெள்ளைக்காரத் துரைகளுக்குச் சலாம் போடும் வழக்கத்துக்கு மாற்றாகப் பிறந்தது. ஜனவரி 1 அன்று எலுமிச்சம்பழத்தோடு துரை வீட்டு வாசலில் காத்து நிற்பது அந்நாளைய மரியாதை. ‘நமக்கு ஒரே துரை, தணிகைத் துரை முருகன்தான்’ என்ற எண்ணத்தில் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் 1917இல் இவ்விழாவைத் தொடங்கி வைத்தார்.

● மலையேறும் படிகள் 365. படிக்கு ஒரு திருப்புகழ்ப் பாட்டு.

● பாட வேண்டுமென்றால் பாட்டு கையில் இருக்க வேண்டுமே? அதைத் தேடிக் கொடுத்தவர், வேடிக்கை பாருங்கள், ஆங்கிலேய அரசிடமே சம்பளம் வாங்கியவர். நீதிமன்றப் பணியில் இருந்து மாவட்ட முன்சீபாக உயர்ந்த வ.த.சுப்பிரமணிய பிள்ளை, 1871இல் ஒரு கோயில் வழக்கில் சான்றாகக் காட்டப்பட்ட திருப்புகழ்ப் பாடலில் மனம் பறிகொடுத்தார். பிறகு ஊர் ஊராகப் போய் ஏடு தேடினார். முதல் பாகம் அச்சேற 1894 ஆனது. அருணகிரிநாதர் பாடியதாகச் சொல்லப்படும் திருப்புகழ்ப் பாடல்கள் 16,000. கிடைத்தவை ஏறக்குறைய 1,300தான்.

● வெள்ளையர் போன பின்னும் ஊருக்கு ஓர் எல்லைச் சிக்கல். 1953 முதல் ஆந்திராவில் இருந்த திருத்தணி, ம.பொ.சி. முதலானோரின் வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பின், 1960 ஏப்ரல் 1 அன்றுதான் சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது.