ஐ.வி.எஃப். மீண்டும் மீண்டும் தோற்கும்போது மரபணுவையும் பாருங்கள்

கருவைக் கருப்பைக்குள் வைத்து ஏறக்குறைய இரண்டு வாரத்தில் பீட்டா எச்.சி.ஜி. ரத்தப் பரிசோதனை செய்வார்கள். முடிவு நெகட்டிவ் என்றால் வீட்டில் எழும் கேள்விகள் பெரும்பாலும் பெண்ணை நோக்கியே பாய்கின்றன. மாடிப்படி ஏறினாயா? பப்பாளி சாப்பிட்டாயா? மூன்றாவது முறையும் இப்படியே ஆனால் 'ராசியில்லாதவள்' என்ற கொடும் பேச்சும் வந்துவிடுகிறது. அவர் படியேறியதற்கும் கரு தங்காததற்கும் சம்பந்தமே இல்லை. கரு தங்காமல் போக முக்கியக் காரணம், பல நேரம், அந்தக் கருவின் குரோமோசோம்களிலேயே இருக்கிறது.

எண்ணிக்கை பிசகும்போது

மனித உயிரணுவில் 46 குரோமோசோம்கள். கருமுட்டையில் 23 மட்டுமே இருக்க வேண்டும். பெண்ணுக்கு வயது ஏற ஏற, இந்தப் பங்கீட்டில் பிசகு கூடுகிறது. முப்பதை ஒட்டிய வயதில் ஏறக்குறைய நான்கில் ஒரு கருவிலும், 42 வயதில் நான்கில் மூன்றிலும் எண்ணிக்கை தவறாக இருக்கும். மைக்ராஸ்கோப்பில் 'ஏ கிரேடு' என்று தெரியும் கருவும் இதற்கு விலக்கல்ல.

ஒரே வரியில் ஒளிந்திருக்கும் காரணம்

இளம் தம்பதி, எல்லா ரிப்போர்ட்டும் நார்மல், ஆனாலும் தோல்வி என்றால்? இருவரில் ஒருவருக்கு, உதாரணமாக, 11-ஆம் குரோமோசோமின் துண்டு 22-லும், 22-இன் துண்டு 11-லும் இடம் மாறி ஒட்டியிருக்கலாம். இத்தகைய இடமாற்றம் சுமார் 500 பேரில் ஒருவருக்கு உண்டு. எதுவும் கூடவோ குறையவோ இல்லாததால் அவருக்கு இதனால் பொதுவாக எந்த நோயும் வராது. இரண்டு பாக நாவலில் சில பக்கங்கள் மாறி பைண்டு ஆனதைப் போலத்தான். இரண்டு பாகமும் கையில் இருக்கும்வரை கதை முழுதாக இருக்கிறது. கருவுக்கு அவரிடமிருந்து போவதோ ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுதான். அதனால் பல கருக்களில் ஒரு பகுதி கூடி, ஒரு பகுதி குறைந்துவிடுகிறது.

இதைக் காட்டுவது கேரியோடைப்பிங். பச்சை மூடி போட்ட ஹெப்பாரின் குழாயில் ரத்தம் எடுத்து, வெள்ளணுக்களை மூன்று நாள் வளர்த்து, அவை பிரியும் தருணத்தில் மருந்தால் நிறுத்துகிறார்கள். பிறகு சாயமேற்றி, வரிவரியாகத் தெரியும் குரோமோசோம்களை ஜோடி சேர்த்துப் பார்க்கிறார்கள். ரிப்போர்ட்டில் இந்த இடமாற்றத்தைக் குறிக்கும் '46,எக்ஸ்ஒய்,டி(11;22)' என்று ஒரு வரி இருக்கும். பல ஆண்டுப் பழிச்சொல்லுக்கு அதுவே பதில்.

ஷாங்காய் கண்டுபிடித்த மரபணு

சில பெண்களுக்குக் கருமுட்டைகள் நிறைய கிடைக்கும், ஒன்றுகூட முதிராது. ஷாங்காய் ஃபூடான் பல்கலைக்கழகக் குழு 2016-இல் இதற்கு ஒரு காரணத்தைக் கண்டது. ஆய்வுக்கு எடுத்த 24 குடும்பங்களில் ஏழில் 'டி.யு.பி.பி.8' மரபணுவில் பிழை இருந்தது. முட்டைக்குள் குரோமோசோம்களைப் பிரித்திழுக்கும் நுண்ணிழைகளை உருவாக்குவதில் இதற்குப் பங்குண்டு. இந்தப் பிழை தந்தையிடமிருந்தும் மகளுக்கு வருகிறது. தந்தைக்குக் கருமுட்டை இல்லாததால் அவரிடம் எந்த அடையாளமும் தெரிவதில்லை.

இரு பிரதிகளும் பழுதானால் மட்டுமே தடை உண்டாக்கும் மரபணுக்களும் உண்டு. தாய்மாமன், அத்தை மகன் உறவில் திருமணம் செய்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு அதிகம் என்பதால், தமிழ்நாட்டில் பெற்றோரின் உறவுமுறையையும் டாக்டரிடம் சொல்வது அவசியம்.

கணவரையும் சோதிக்க வேண்டும்

ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வு மையத்தில் குமாரசாமி தங்கராஜ் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், விந்தணு இல்லாத 340 ஆண்களில் 29 பேருக்கு ஒய் குரோமோசோமில் பகுதி இழப்பு இருந்தது. 'ஏ.இசட்.எஃப்.-சி' பகுதி மட்டும் போயிருந்தால் விரையிலிருந்து விந்தணு எடுக்க முடியலாம். 'ஏ' பகுதி முழுதும் போயிருந்தால் அந்த அறுவைச் சிகிச்சையே வீண். பணத்தையும் வலியையும் கொட்டும் முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

அடுத்த சுற்றுக்கு முன்

கருவையே சோதிக்கும் பி.ஜி.டி. எல்லோருக்கும் தேவையில்லை. நல்ல கருக்கள் கிடைத்த 1,212 பெண்களிடம் சீனாவில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், குரோமோசோம் எண்ணிக்கைப் பரிசோதனையால் குழந்தைப் பேறு கூடவில்லை. இடமாற்றம் உறுதியான தம்பதிக்கு நிலைமை வேறு; சமநிலையுள்ள கருவைத் தேர்ந்தெடுக்க அது உதவும். ஆனால் இந்தப் பரிசோதனையில் கருவின் பாலினத்தைக் கேட்பதும் சொல்வதும் குற்றம்.

ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை முட்டைகள் கிடைத்தன, எத்தனை முதிர்ந்தன, எத்தனை கருவுற்றன, எந்த நாளில் வளர்ச்சி நின்றது என்ற எம்பிரியாலஜி தாளைக் கேட்டு வாங்கி, மரபணு ஆலோசகரிடம் காட்ட வேண்டும். கரு கலைந்துவிட்டால் அந்தத் திசுவைக் கேரியோடைப்பிங்குக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஃபார்மலினில் போட்டால் உயிரணுக்கள் இறந்துவிடும், வளர்க்க முடியாது. கிருமி நீக்கிய சலைனில் உடனே லேபுக்குப் போக வேண்டும் என்பதை ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும் முன்பே சொல்லி வையுங்கள்.